விலை போடுவதா, விலையைப் படிப்பதா: ஜயவர்தனபுரவும் பேராதனையும்

பெறுபேறு வந்த மூன்றாம் நாள் மாலை, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். மகள் உயர்தரத்தில் என்னிடம் பொருளியல் படித்தவள். தேத்தண்ணி குடித்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியைப் பார்த்து, வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகும் தகப்பன் எழும்பவில்லை. "சேர், புள்ள காணி வெல, வீட்டு வெலயப் பத்திப் படிச்சு புரொபெசரா வரணும்ங்குது. அப்படி ஒரு படிப்பு இருக்குங்களா? இருந்தா எங்க போடுறது?" என்றார்.

இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் அதற்கு ஒரே வாசல் கிடையாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புப் பட்டம் படித்து, பிறகு காணிச் சந்தையைத் தன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ளலாம். அல்லது ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் 'எஸ்டேட் மெனேஜ்மென்ட் அண்ட் வெலுவேஷன்' என்ற பட்டத்தில் நேராக இறங்கலாம். இந்த இரண்டாவது பெயரைக் கேட்டதும் நம் ஆட்கள் அதைத் தோட்டத் துரை வேலைக்கான படிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தத் தகப்பனும் அப்படித்தான் நினைத்தார், முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் கூட வந்தது. அங்கே எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம் இல்லை. காணி, வீடு, கட்டடம் என்ற அசையா ஆதனம் எல்லாம் அதற்குள் அடங்கும். அதை நிர்வகிப்பதும் அதற்கு விலை மதிப்பிடுவதும்தான் படிப்பு.

அவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் வகுப்பில், சந்தையில் விற்க முடியாத பொருளுக்கு விலை இருக்குமா என்று கேட்டேன். "எங்க லயத்துக் காம்பராவுக்கு இருக்கு சேர்" என்று எழுந்து நின்றாள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. பக்கத்துக் காம்பராக்காரர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போக முடிவெடுத்தார். காம்பரா தோட்டத்துடையது, அதை விற்க அவருக்கு உரிமை இல்லை. பின்பக்கம் தகரம் இறக்கி, கல் வைத்துக் கட்டிய குசினி மட்டும் அவருடைய உழைப்பு. அந்தக் குசினிக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். "கல்லும் தகரமும் பாஸ் கூலியும் சேத்தாலும் அம்பதாயிரம் வராது சேர். மிச்சம் எதுக்கு?" என்று கேட்டாள்.

அந்த மிச்சம்தான் இந்தத் துறை முழுவதும். டேவிட் ரிக்கார்டோ 1817இல் நிலவாடகை பற்றி எழுதியதும், ஜெர்மனியின் ஃபொன் தூனன் 1826இல் நகரச் சந்தையிலிருந்து விலக விலக நிலத்தின் பெறுமதி எப்படிக் குறைகிறது என்று கணக்குப் போட்டதும், வில்லியம் அலொன்சோ 1964இல் அதே கணக்கை நகரத்து வீடுகளுக்குக் கொண்டுவந்ததும் அந்த மிச்சத்தைப் பிடிப்பதற்காகத்தான். ரோட்டடி லயத்துக்கு ஒரு தொகையும், அரை மணி நேரம் ஏற வேண்டிய மேல்கணக்கு லயத்துக்கு அதைவிடக் குறைந்த தொகையும் கைமாறுகின்றன என்றால், தூனன் சொன்னது டிக்கோயாவிலும் நடக்கிறது என்று பொருள்.

சரி, இரண்டு வாசலுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மதிப்பீட்டுப் படிப்பு ஒரு கேள்வியைச் சுற்றி நிற்கிறது: இந்த ஆதனம் இன்றைக்கு என்ன பெறும்? அதற்கு விடை காண ஐந்து வழிகளைப் பழக்குவார்கள். பக்கத்தில் விற்ற காணியோடு ஒப்பிடுவது, வரும் வாடகையிலிருந்து கணக்குப் போடுவது, கட்டி முடித்தால் வரும் விலையிலிருந்து கட்டும் செலவைக் கழிப்பது, ஹோட்டல் போன்றவற்றுக்கு இலாபத்திலிருந்து பார்ப்பது, வேறு வழியே இல்லாத பாடசாலை, கோயில் போன்றவற்றுக்கு மறுபடி கட்டும் செலவை எடுப்பது. இவற்றோடு காணிச் சட்டம், கட்டடத் தொழில்நுட்பம், நிதி, நில அளவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். நான்கு வருடம் முடித்து வரும் பிள்ளைக்குக் கையில் ஒரு தொழில் இருக்கும். அரச விலைமதிப்பீட்டுத் திணைக்களம், வங்கிகள், காப்புறுதி, காணி அபிவிருத்திக் கம்பனிகள், சோலைவரி மதிப்பிடும் உள்ளூராட்சி சபைகள் என்று இடங்கள் உண்டு. இலங்கை மதிப்பீட்டாளர் நிறுவகத்தின் அங்கத்துவம் எடுத்தால் தனியாகவும் தொழில் செய்யலாம். வளைகுடா நாடுகளுக்குப் போகவும் வழி இருக்கிறது.

பொருளியல் பட்டம் வேறு மாதிரி. அங்கே முதல் இரண்டு வருடம் காணி என்ற சொல்லையே அதிகம் கேட்க மாட்டீர்கள். நுகர்வோர், உற்பத்தி, பணம், வர்த்தகம், புள்ளிவிபரவியல், பொருளியலளவையியல். பட்டம் முடித்த கையோடு வேலை என்று எதையும் யாரும் உறுதியளிக்க முடியாது. வங்கிக்குப் போகலாம், திட்டமிடல் சேவைக்குப் பரீட்சை எழுதலாம், என்னைப் போல ஆசிரியராகலாம். ஆனால் அங்கே பழகும் கேள்வி வேறு. அந்தக் காணி ஏன் அவ்வளவு பெறுகிறது? ரோடு வந்தால் என்ன ஆகும்? மண்சரிவு அபாய வரைபடத்தில் சிவப்பில் விழுந்தால் என்ன ஆகும்? காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், கொடுத்தால் என்ன மாறும், கொடுக்காவிட்டால் என்ன மாறும்?

குசினிக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர் மதிப்பீட்டாளர். மிச்சம் எழுபதாயிரம் எதற்கு என்று விடாமல் கேட்பவர் பொருளியலாளர். இரண்டும் மரியாதையான வேலைதான், ஒன்று மேல் ஒன்று கீழ் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் ஒன்றை எடுக்கும்போது மற்றதைப் பத்து வருடத்துக்குத் தள்ளிவைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

காலக் கணக்கை நான் தகப்பனுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மதிப்பீட்டுப் பட்டம் என்றால் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் சம்பளம் வீட்டுக்கு வரும். பொருளியல் பேராசிரியர் பாதையில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ எடுத்தால்தான் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்கலாம். முதலில் தற்காலிக உதவி விரிவுரையாளர், வருடா வருடம் புதுப்பிக்கும் வேலை, இடம் இல்லையென்றால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு தகுதிகாண் விரிவுரையாளர். அந்தக் காலத்துக்குள் முதுமாணி அல்லது கலாநிதிப் பட்டம் எடுக்க வேண்டும். பிறகு சிரேஷ்ட விரிவுரையாளர் இரண்டாம் தரம், முதலாம் தரம். அதற்கு மேலே ஆய்வுக் கட்டுரைகளுக்கும் கற்பித்தலுக்கும் புள்ளி போட்டுத்தான் இணைப் பேராசிரியர், பேராசிரியர். இருபதில் உள்ளே போன பிள்ளை பேராசிரியர் என்று பெயருக்கு முன்னால் போட நாற்பதைத் தாண்டிவிடும். தகப்பன் தாளைப் பார்த்துவிட்டு, தன் வயதோடு கூட்டிப் பார்த்தார். அந்தக் கணக்கை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்கு விளங்கியது.

நான் இதைச் சொல்வது பயங்காட்ட இல்லை. பேராதனையில் பட்டம் முடித்த பின் நானும் ஒன்றரை வருடம் தற்காலிகமாகப் படிப்பித்தேன். இரண்டாவது புதுப்பிப்பு வரவில்லை. வீட்டில் தம்பி, தங்கச்சி படித்துக்கொண்டிருந்தார்கள், காத்திருக்க முடியவில்லை. ஆசிரிய நியமனம் வந்ததும் ஹட்டனுக்கு வந்துவிட்டேன். ஆகவே அந்தப் பாதையில் எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இன்னொரு தடை கணிதம். இதைப் பிள்ளைகளிடம் யாரும் நேரத்தோடு சொல்வதில்லை. வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் படித்து மூன்று ஏ எடுத்த பிள்ளை தன்னைப் பொருளியலாளர் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது அவர்கள் முதலில் தேடுவது நுண்கணிதம், நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு, முடிந்தால் மெய்ப்பகுப்பாய்வு. பொருளியலில் என்ன பெறுபேறு என்று அதற்குப் பிறகுதான் பார்ப்பார்கள். இணைந்த கணிதம் படிக்காத பிள்ளை இதை வளாகத்துக்குள் போய், தன் முயற்சியில், கணிதத் துறையின் பாடங்களை எடுத்தாவது ஈடுகட்ட வேண்டும். பேராதனையில் விஞ்ஞான பீடம் பக்கத்திலேயே இருப்பது ஒரு வசதி. முதல் வருடத்தில் இதைத் தொடங்காதவர்கள் மூன்றாம் வருடத்தில் தொடங்கி எழும்பியதை நான் பார்த்ததில்லை. ஆங்கிலமும் அப்படித்தான், ஆனால் ஆங்கிலம் குறைவு என்பது பிள்ளைக்கே தெரியும். கணிதம் குறைவு என்பது பிந்தித்தான் தெரியவரும்.

மதிப்பீட்டுப் படிப்புக்கு இவ்வளவு கணிதம் தேவையில்லை. ஆங்கில மொழிமூலம் என்பதால் முதல் வருடம் நம் பிள்ளைகளுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு வருடம் முடியும்போது அந்தக் கஷ்டமே ஒரு இலாபம்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், காசுக்கு ஜயவர்தனபுர, கேள்விக்குப் பேராதனை என்று முடித்துவிடலாம் போலத் தெரியும். அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் விலைத் தரவு.

காணிச் சந்தையை ஆராய்பவருக்கு விலைகள் வேண்டும். அமெரிக்காவில் கார்ல் கேஸும் ரொபர்ட் ஷில்லரும் ஒரே வீடு இரண்டு முறை விற்கப்பட்ட விலைகளை மட்டும் எடுத்து வீட்டு விலைச் சுட்டெண் செய்தார்கள். வேறு வேறு வீடுகளை ஒப்பிடும்போது, விலை ஏறியதா, அல்லது இந்த முறை விற்றது பெரிய வீடா என்று தெரியாது. ஒரே வீடு என்றால் அந்தக் குழப்பம் இல்லை. கேஸ் வெல்லஸ்லிக் கல்லூரியில் இளநிலைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டே இதைச் செய்தவர். ஷில்லர் 2013இல் நோபல் பரிசு பெற்றார். இவர்கள் செய்தது அழகான வேலை. ஆனால் அதன் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பதிவில் எழுதிய விலைதான் கைமாறிய விலை.

நம் ஊரில் அப்படியா? ஆதனம் கைமாறும்போது முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். உறுதியில் எழுதும் விலை ஒன்று, மேசைக்குக் கீழே போகும் விலை இன்னொன்று என்பது ஹட்டன் கடைவீதியில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. காணிப் பதிவகத்துக்குப் போய் நூறு உறுதிகளைப் படி எடுத்து வந்து சமன்பாடு போடும் பொருளியல் மாணவர், எழுதிய விலையைத்தான் ஆராய்வார். மத்திய வங்கியின் காணி மதிப்பீட்டுக் குறிகாட்டி இருக்கிறதே என்றால், அது கொழும்பு மாவட்டத்தை அளப்பது. அதற்கான மதிப்பீடுகளும் விலைமதிப்பீட்டுத் திணைக்களத்திலிருந்துதான் வருகின்றன. உண்மையான விலை யாருக்குத் தெரியும்? தரகருக்குத் தெரியும். வங்கிக் கடனுக்காகக் காணியை மிதித்துப் பார்த்து அறிக்கை எழுதும் மதிப்பீட்டாளருக்குத் தெரியும்.

என் நண்பர் ஒருவர் இப்படித்தான் மதிப்பீட்டாளராகப் பண்டாரவளைப் பக்கம் வேலை செய்கிறார். எல்லவில் உல்லாசப் பயணிகள் கூட்டம் கூடியபோது ஒரு பேர்ச் காணி என்ன விலையிலிருந்து என்ன விலைக்குப் போனது, எந்தப் பக்கத்துச் சரிவில் பேரம் படியவில்லை, ஏன் படியவில்லை என்று ஒரு கொப்பி நிறைய வைத்திருக்கிறார். அந்தக் கொப்பியின் அருமை அவருக்கு முழுதாகத் தெரியுமோ தெரியாது. பேராசிரியர்களிடம் அப்படி ஒரு கொப்பி இல்லை. ஆகவே மதிப்பீட்டுப் பட்டத்தோடு தொடங்கி, பிறகு ஆராய்ச்சிக்கு வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. இதை நான் ஜயவர்தனபுரவின் மிகப் பெரிய பலம் என்று நினைக்கிறேன். சம்பளம் அதற்குப் பிறகுதான்.

அப்புறம் ஏன் நான் பேராதனைப் பக்கம் சாய்கிறேன்? மலையகத்தில் நமக்கு முன்னால் இருக்கும் பெரிய கேள்வி விலை எவ்வளவு என்பதே அல்ல. விலையே இல்லாத காணியைப் பற்றிய கேள்வி அது.

1840ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி காட்ட முடியாத மலைக்காடுகளை முடிக்குரிய காணி ஆக்கியது. அங்கே கோப்பி வந்தது, பிறகு தேயிலை வந்தது, நம் முன்னோர் வந்தார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது, பின்னர் நீண்டகாலக் குத்தகை எழுதப்பட்டது. அது 2045 வரை. இத்தனை கைமாற்றத்திலும் லயத்தில் இருந்தவருக்கு ஒரு பேர்ச் கூடச் சந்தைப் பொருளாக வரவில்லை. மதிப்பீட்டாளரின் ஐந்து வழிகளில் எதை எடுத்தாலும், பக்கத்தில் விற்ற காணி எங்கே என்று கேட்கும்போது லயத்தில் நின்றுபோகும். கைமாறுவது குசினி மட்டும்தான்.

இப்போது ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்று புதிய கிராமங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இந்திய உதவியில் 4,000 வீடுகள் முதலில், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 அதற்கு மேல். ஒரே தோட்டத்தில் சிலருக்கு வீடும் உறுதியும், சிலருக்கு வீடு மட்டும், பலருக்கு இன்னும் லயம். உறுதி என்ற ஒரு தாள் ஒரு குடும்பத்தில் என்ன செய்கிறது?

இதே கேள்வியை ஆர்ஜென்டினாவில் இரண்டு பொருளியலாளர்கள் எடுத்தார்கள், கலியானி, ஷார்குரோட்ஸ்கி என்று இருவர். புவனோஸ் ஐரிஸ் புறநகரில் 1981இல் சுமார் 1,800 குடும்பங்கள் ஒரு தரிசு நிலத்தில் குடியேறின. அது அரச காணி என்று நினைத்துத்தான் குடியேறினார்கள், ஆனால் அதற்குத் தனியார் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். 1984இல் அரசு அதைச் சுவீகரித்துக் குடியேறியவர்களுக்கே கொடுக்கச் சட்டம் போட்டது. சில சொந்தக்காரர்கள் நட்டஈட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் வழக்குப் போட்டார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு உறுதி கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தின் கெட்டித்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருபது வருடத்துக்குப் பிறகு போய் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். உறுதி கிடைத்தவர்கள் வீட்டை நல்லதாகக் கட்டியிருந்தார்கள், ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது, பிள்ளைகள் கூடப் படித்திருந்தார்கள். ஆனால் உறுதியை வைத்து வங்கிக் கடன் எடுத்துப் பணக்காரர் ஆவார்கள் என்று பலர் எதிர்பார்த்தது பெரிதாக நடக்கவில்லை, உழைக்கும் வருமானத்திலும் வித்தியாசம் இல்லை. 2010இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை நான் உயர்தர வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். முதுகில் பை போட்டுக்கொண்டு லயத்திலிருந்து வரும் பிள்ளைகள் அந்தப் பாடத்தில் மட்டும் நோட் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்பார்கள்.

நோர்வூட்டிலும் பூண்டுலோயாவிலும் இதைச் செய்ய ஒருவர் வேண்டும். செய்தால் அடுத்த முறை காணி கொடுக்கும்போது ஏழா, பத்தா, உறுதியோடா இல்லாமலா என்று மேடையில் பேசுவதோடு நிற்காமல் கணக்கோடு பேசலாம். மண்சரிவும் இப்படித்தான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மறுபடி மலைகள் சரிந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடங்கள் எங்கே அபாயம் என்று காட்டுகின்றன. அபாயம் தெரிந்த பின்னும் மக்கள் ஏன் அந்த இடத்தை விட்டுப் போவதில்லை, போகச் சொன்னால் எவ்வளவு கொடுத்தால் போவார்கள், எந்த இடத்துக்குப் போவார்கள் என்பது மண்ணியல் கேள்வி இல்லை. இருக்க உரிமை உள்ள காணிக்கும் விற்க உரிமை உள்ள காணிக்கும் இடையில் கிடக்கும் பொருளியல் கேள்வி அது.

இந்த வேலைக்கு, காரணத்தை விளைவிலிருந்து பிரித்தெடுக்கும் பயிற்சி வேண்டும். அது பொருளியல் துறையில்தான் ஆழமாகக் கிடைக்கிறது.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் நகர, கிராமத் திட்டமிடல் பட்டத்தையும் சிலர் கேட்பார்கள். நல்ல படிப்பு, ஆனால் அது காணியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று வரையும் படிப்பு. விலையில் மனம் உள்ள பிள்ளைக்கு அது சுற்று வழி.

வெளிநாட்டுக் கட்டத்தையும் இப்போதே யோசிக்க வேண்டும், ஏனென்றால் இங்கே எடுக்கும் பட்டம் அங்கே எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் காணிச் சந்தைப் பேராசிரியர்களில் பலர் பொருளியல் கலாநிதிப் பட்டம் எடுத்து, வணிகக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவின் வார்ட்டனிலும், 1920இல் ரிச்சர்ட் ஈலி காணிப் பொருளியல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய விஸ்கொன்சினிலும் அப்படி. வணிகக் கல்லூரியில் சம்பளம் பொருளியல் துறையைவிடக் கூட. பொதுவாகப் படிப்புச் செலவும் கைச்செலவும் பல்கலைக்கழகமே தரும், பதிலுக்கு வகுப்பெடுக்க வேண்டும், ஐந்து ஆறு வருடம் போகும். பிரிட்டனில் ரீடிங், கேம்பிரிட்ஜின் காணிப் பொருளியல் துறை, ஆசியாவில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், ஹொங்கொங் பல்கலைக்கழகம். இவை மதிப்பீட்டுப் பட்டத்தோடு வருகிறவர்களையும் வரவேற்கும் இடங்கள். ஆகவே ஜயவர்தனபுரவில் படித்தால் பேராசிரியர் கனவு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தத் துறையிலேயே விரிவுரையாளராகவும் ஆகலாம், பொருளியல் துறையைவிட அங்கே போட்டிக்கு நிற்பவர்கள் குறைவு. கதவு வேறு, அவ்வளவுதான்.

போனவர்கள் திரும்புவார்களா என்ற கேள்வி இருக்கிறது. பல்கலைக்கழக விடுமுறையில் போனால் பிணைமுறி எழுத வேண்டும், திரும்பி வந்து படிப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். கட்டிவிட்டு இருப்பவர்களும் உண்டு, 2022க்குப் பிறகு கூடவே உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் வகுப்பில் படித்த ஒருவர் இப்போது வெளிநாட்டில் வீட்டுச் சந்தை பற்றிப் படிப்பிக்கிறார். மூன்று வருடத்துக்கு ஒரு முறை வருவார், தலவாக்கலையில் அம்மாவோடு பத்து நாள் இருப்பார். அவருடைய ஆராய்ச்சி எல்லாம் அந்த நாட்டு வீடுகள் பற்றியது. ஏன் இங்கே உள்ளதை எழுதவில்லை என்று ஒரு முறை கேட்டேன். அவர் துறையில் பதவி நிரந்தரமாவதற்கு நல்ல தரவு உள்ள நாட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றார். உண்மையான பதில். அந்தக் கஷ்டத்தைத் தெரிந்துகொண்டே இந்தப் பிள்ளை உள்ளே போக வேண்டும்.

என் முடிவு இது. சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ எடுத்து, கணக்கைக் கண்டு ஓடாத பிள்ளை, வீட்டில் அடுத்த ஆறேழு வருடத்துக்கு அவள் சம்பளம் இல்லாமல் அடுப்பு எரியும் என்றால், பேராதனைப் பொருளியல். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஜயவர்தனபுர, அதில் சந்தேகமே வேண்டாம். முதலில் தொழில், ஐந்து வருடம் காணிகளை மிதித்து வேலை, பிறகு முதுமாணி. மெதுவாக வந்தாலும் கொப்பியோடு வருவாள். நுழைவு நிபந்தனைகள் வருடத்துக்கு வருடம் மாறும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலை வைத்துக்கொண்டுதான் வரிசை போட வேண்டும். பொதுவாக 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 5 சதவீதத்துக்குள் வருகின்றன, அதை மறக்க வேண்டாம்.

இந்தப் பிள்ளைக்குக் கணிதம் இருக்கிறது. வீட்டு நிலைமையைத் தகப்பன்தான் சொல்ல வேண்டும். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார், மகன் சாதாரண தரம், அவன் தொழில் பழகப் போகிறேன் என்கிறான். பேராதனை என்றால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக ஒரே பஸ், மாதம் ஒரு முறையாவது வீட்டுக்கு வந்து போவாள். நுகேகொடையில் தங்கினால் போர்டிங் காசு. "மகாபொல கெடச்சா சமாளிச்சுக்கலாம்ங்களா?" என்று கேட்டார். அந்தப் புலமைப்பரிசில் காசு சாப்பாட்டுக்குக் கூடப் போதாது, ஆனால் இல்லாததைவிட நல்லது என்று உள்ளதைச் சொன்னேன். "அப்ப பேராதெனியவே மொதல்ல போட்டுருவோம் சேர். ரெண்டாவதா மத்தது" என்றார். மகளைப் பார்த்துச் சொல்லவில்லை, தாளைப் பார்த்துச் சொன்னார்.

வளாகம் தொடங்க இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், இணைந்த கணிதப் புத்தகத்தில் வகையீட்டிலிருந்து தொடங்குவோம். விடுமுறையில் பண்டாரவளை நண்பரோடு இரண்டு வாரம் காணி பார்க்கப் போகவும் கேட்டிருக்கிறேன், அவர் சரி என்றார்.

எழும்பிப் போகும்போது பையிலிருந்து ஒரு சிஆர் கொப்பியை எடுத்துக் காட்டினாள். தோட்டத்தில் நான்கு டிவிஷனிலும் கைமாறிய குசினிகள், மொத்தம் பதினொன்று. யார் என்று எழுதவில்லை, எந்த லயம், எத்தனை அடி, தகரமா சீற்றா, எந்த வருடம், எவ்வளவு காசு என்று பென்சிலால் கோடு போட்டு எழுதியிருந்தாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்ற பத்தி மட்டும் இல்லை. அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.